புதுப்பிப்பு: காரணீயக் கூட்டல் சுருங்கிவிட்டது
1/(1!·9!) + 1/(3!·7!) + 1/(5!·5!) + 1/(7!·3!) + 1/(9!·1!) என்பதைச் சுருக்க வழி கேட்டிருந்தேன் அல்லவா, விடை கிடைத்துவிட்டது. (n! என்பது n இன் காரணீயம், அதாவது 1 முதல் n வரையுள்ள முழு எண்களின் பெருக்கல்.)

1+9, 3+7 என எல்லாப் பகுதிகளிலும் எண்களின் கூடுதல் 10. பிடி அங்கேதான் இருக்கிறது. முழுவதையும் 10! ஆல் பெருக்கினால் உறுப்புகள் 10, 120, 252, 120, 10 ஆகின்றன. அச்சு அசலாக ஈருறுப்புக் கெழுக்கள், அதாவது (1+x)¹⁰ ஐ விரித்தால் x, x³, x⁵, x⁷, x⁹ ஆகியவற்றின் முன் நிற்கும் எண்கள்!

(1+1)¹⁰ = 1024 என்பது எல்லாக் கெழுக்களின் கூடுதல். (1−1)¹⁰ = 0 என்பதால் ஒற்றைப்படை இடத்துக் கெழுக்களும் இரட்டைப்படை இடத்துக் கெழுக்களும் ஆளுக்குப் பாதி. ஆகவே 512. பெருக்கிய 10! ஆல் திரும்ப வகுத்தால் 512/10!, அதாவது 2/14175. பொதுப்பகுதி கண்டு கூட்டியிருந்தால் விரல் ஒடிந்திருக்கும்.

5!·5! வரை மட்டும் கூட்டச் சொன்னால் 512இல் பாதியைப் போட்டுவிடாதீர்கள். நடுவில் நிற்கும் 252க்கு ஜோடி கிடையாது; 10+120+252 = 382, விடை 382/10!.