சூரியநெல்லி சொந்தங்கள் (குடும்பக் குழு)

கதிர்: நம்ம மேட்டுக்காட்டைக் கேட்டு ஒரு பார்ட்டி வந்திருக்கிறது. பத்து வருஷக் குத்தகை. டென்ட் கேம்ப், நீச்சல் குளம், வியூ பாயிண்ட் எல்லாம் போடுவார்களாம். அட்வான்ஸ் உடனே.

ரேவதி அக்கா (போடி): நல்ல சேதிதானே! லீவு விட்டால் போடிமெட்டு ஏறுகிற வண்டிக்குக் கணக்கே இல்லை.

பெரியப்பா: கதிரு, அந்தச் சரிவில் குளம் கட்டச் சமதளம் ஏது?

கதிர்: ஜேசிபி விட்டு வெட்டிக்கொள்வார்கள் பெரியப்பா.

பெரியப்பா: அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. மூணாறு போகிற மலைப்பாதையில் கேப் ரோட்டைப் பார்த்தவன்தானே நீ? பாறைக்கு வெடி வைத்து அகலப்படுத்தினார்கள். 2019இலும் சரிந்தது, 2020இலும் சரிந்தது. இன்ஜினியர் நின்று வெட்டின மலைக்கே அந்தக் கதி. நம் காட்டில் மேல்மண் ஓர் ஆள் ஆழம்கூடக் கிடையாது, அடியில் முழுக்கப் பாறை. அடியை வெட்டிவிட்டால் மேலே இருக்கிற மண்ணுக்குப் பிடிமானம் இல்லை. அடைமழையில் தண்ணீர் உள்ளே இறங்கினால் மொத்தமும் வழுக்கிக்கொண்டு வரும்.

செல்வி அத்தை: பெட்டிமுடி ஞாபகம் வருகிறது, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து மேல் மலை சரிந்ததே. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. 70 உயிர்.

கதிர்: அத்தை, அங்கே ரிசார்ட்டா இருந்தது? அது மழை.

செல்வி அத்தை: மழைதான்பா. ரிசார்ட் இல்லாத மலையே அப்படி இறங்கியது. நம் காட்டுக்கு நேர் கீழேயும் லயம் இருக்கிறது, மறந்துவிடாதே. பக்கத்து மேட்டில் கேம்ப் வந்ததிலிருந்து ஓடைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் விரல் கனத்துக்குச் செம்மண் படிகிறது. சனி, ஞாயிறு அதுவும் இல்லை. அவர்கள் மோட்டார் போட்டு இழுத்துவிடுகிறார்கள்.

குமார்: நான் கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். டூரிஸ்ட் வந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் விடிகாலை நாலு மணிக்கு நடுங்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் மலையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நீச்சல் குளம் அவர்கள் ஊரிலேயே இருக்கிறது. இரவிகுளத்தில் வரையாடு குட்டி போடுகிற சமயத்தில் பார்க்கையே மூடுகிறார்கள், திறந்ததும் பழையபடி வரிசை நிற்கிறது. 2018இல் பூத்த குறிஞ்சி இனி 2030இல் பூக்கும். அதற்குள் மேட்டையெல்லாம் வெட்டிவிட்டால் எங்கே பூக்கும், எதைக் காட்டுவேன்?

கதிர்: எல்லாம் சரி மச்சான். பேங்க் கடனை யார் கட்டுவது?

பெரியப்பா: நியாயமான கேள்வி. பழைய வீட்டு முன்பக்கம் இரண்டு அறை பூட்டியே கிடக்கிறது. ஓடு மாற்றி, பாத்ரூம் கட்டி, குடும்பமாக வருகிறவர்களுக்கு விடலாம். மண்ணில் கை வைக்க வேண்டாம். பாதிச் செலவு என்னுடையது.

ரேவதி அக்கா (போடி): சமையல் அத்தை பொறுப்பா? அப்படியென்றால் நானே ஆள் அனுப்புகிறேன்.

கதிர்: அட்வான்ஸ் அளவுக்கு வராது பெரியப்பா. சரி, பார்ட்டி நாளைக்கு வருகிறார். நீங்களே வந்து சொல்லுங்கள், முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது.

பெரியப்பா: வருகிறேன். எத்தனை மணிக்கு?

கதிர்: பதினொன்று.