காற்றாலையை எங்கே நிறுத்துவது என்பதை எட்டாம் வகுப்புக்கு எப்படிக் கற்பிப்பது?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, பணகுடி அருகே

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வகுப்பறைச் சன்னலைத் திறந்தாலே காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். பிள்ளைகள் அவற்றைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆனாலும் "காற்றாலை அமைக்க ஏற்ற இடம் எது?" என்று தேர்வில் கேட்டபோது, ஏறக்குறைய அனைவரும் "காற்று அதிகமாக வீசும் இடம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். விடைக்குறிப்பின்படி முழு மதிப்பெண் கொடுத்தேன், மனம் ஒப்பவில்லை. மறுநாள் ஒரு மாணவி, "எங்கள் அத்தை ஊரிலும்தான் ஆடிக் காற்று அடிக்கிறது, அங்கே நான் ஒரு காற்றாலைகூடப் பார்த்ததில்லையே, ஏன்?" என்று கேட்டாள்.

காகிதக் காற்றாடிகளோடு அவர்களை வெளியே அழைத்துச் சென்றேன். திறந்த மைதானத்தில் காற்றாடி சீராகச் சுழன்றது. கட்டடத்தின் பின்புறம் வந்ததும் கொஞ்சம் சுற்றி, நின்று, எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. அதில் ஏதோ பாடம் இருக்கிறது என்று தெரிகிறது. அதை எப்படி வளர்த்தெடுப்பது?

பதில் 1: காற்றாலைப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்

அம்மா, அந்த மாணவியின் கேள்விக்கான விடை உங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் மலைதான். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் மறிக்கிறது. மறிக்கப்பட்ட காற்று இடைவெளி கிடைத்த இடத்தில் நெருக்கிக்கொண்டு விரைகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்களின் வாயிலில் முப்பந்தல் முதல் உடுமலை வரை காற்றாலைகள் திரண்டிருப்பதற்கு அதுவே காரணம். நீர்க்குழாயின் வாயை விரலால் பாதி அடைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

ஆனால் வேகம் கூடுவதை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் கன மதிப்பைப் பொறுத்தது என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் காற்றையும் 6 மீட்டர் வேகத்தில் வரும் காற்றையும் முகத்தில் வாங்கிப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. 5இன் கனம் 125, 6இன் கனம் 216 என்று கரும்பலகையில் எழுதும்போதுதான் ஒரே ஒரு மீட்டருக்காக ஏன் இத்தனை அலைச்சல் என்பது விளங்கும். உயரமும் இதில் அடங்கும். திறந்த சமவெளியில் 30 மீட்டர் உயரத்தில் இருப்பதைவிட 100 மீட்டரில் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆற்றலோ ஒன்றே முக்கால் மடங்கை நெருங்கும். கோபுரங்கள் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே போவது இதனால்தான்.

கட்டடத்தின் பின்னால் உங்கள் காற்றாடி தடுமாறியதும் முக்கியமான செய்தி. ஒரு தடை கிளப்பும் காற்றுச் சுழல், அந்தத் தடையின் உயரத்தைப் போல் இருபது மடங்கு தொலைவு வரைகூட நீளக்கூடும். அந்தச் சுழலுக்குள் ஓடும் இயந்திரத்தின் தாங்குருளைகளும் பற்சக்கரப் பெட்டியும் படும் பாட்டை நான் பல ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பதில் 2: கணித ஆசிரியர், உடுமலைப்பேட்டை

ஐயா சொன்ன கனத்தைப் பிள்ளைகளே அளந்து கண்டுபிடிக்கும்படி செய்யலாம். நான்கு காகிதக் குவளைகளைக் குறுக்குக் குச்சிகளில் ஒட்டி, ஒன்றுக்கு மட்டும் சிவப்பு வண்ணம் பூசி, ஒரு நிமிடத்தில் அந்தச் சிவப்புக் குவளை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். சுற்றுகளின் விகிதம் ஏறத்தாழ வேகத்தின் விகிதம். அதற்குக் கனம் கண்டால் ஆற்றலின் விகிதம்.

பிறகு வரைபடத்துக்கு வாருங்கள். ஊரின் வரைபடத்தை 1 செ.மீ.க்கு 100 மீட்டர் என்ற அளவில் வரைந்து, இறக்கைகள் சுழலும் வட்டம் 80 மீட்டர் விட்டமுள்ள காற்றாலைகளை வைக்கச் சொல்லுங்கள். முன்னே நிற்பது பின்னே நிற்பதன் காற்றைத் தின்றுவிடாமல் இருக்க, காற்று வீசும் திசையில் விட்டத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இடைவெளி விடுவது வழக்கம்; ஐந்து மடங்கு என்றால் தாளில் 4 செ.மீ. ஆகும். இரைச்சல் கருதி வீடுகளிலிருந்து 500 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. தாளில் அது 5 செ.மீ. ஆகும். கவராயத்தால் ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் வட்டம் போட்ட பிறகு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்க்கும்போது, வகுப்பு தானாகவே அமைதியாகிவிடும்.

பதில் 3: பாடசாலை ஆசிரியர், மன்னார்

கணவாய் மட்டுமே காரணம் என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மன்னார்த் தீவில் மலையே இல்லை. கடல்மேல் தடையின்றி வரும் சோளகக் காற்றை, அதாவது தென்மேற்குக் காற்றை, நம்பி, இலங்கை மின்சார சபையின் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட் திறனுடன், 2020 டிசம்பரில் இங்கே திறக்கப்பட்டன. அதே தீவு மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதையிலும் இருக்கிறது. பக்கத்து வங்காலைச் சரணாலயத்துக்குப் பூநாரைகள் கூட்டமாக வரும். கடற்றொழிலாளர்களுக்கும் தங்கள் கரையைப் பற்றிய கவலைகள் உண்டு. வரைபடப் பயிற்சியில் ஒரு குழுவைக் கடற்றொழிலாளராகவும் இன்னொரு குழுவைப் பறவைகளுக்காகப் பேசுபவராகவும் அமர்த்துங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் விடை வராது. அதையும் இந்த வயதிலேயே அறிந்துகொள்ளட்டும்.

கேள்வி கேட்டவர், இரண்டு வாரங்களுக்குப் பிறகு

மூவருக்கும் நன்றி. கட்டடத்தின் பின்னால் நிமிடத்துக்கு 38 சுற்றுகள், மைதானத்தின் மேற்கு ஓரத்தில் 57. விகிதம் ஒன்றரை, கனம் கண்டால் மூன்று மடங்குக்கும் மேல். ஒரே பள்ளி வளாகத்துக்குள் இவ்வளவா என்று நம்பாமல், அவர்களே மூன்று முறை திரும்ப எண்ணினார்கள். வரைபடத்தில் முதலில் வைத்த பதினொன்றில் வட்டங்கள் போட்ட பிறகு நான்குதான் மிஞ்சின; அவற்றில் ஒன்று குளத்துக் கரையில் இருந்ததால், பறவைகளுக்காகப் பேசிய குழு இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

வாடை தொடங்கியதும் அதே இரண்டு இடங்களில் மீண்டும் எண்ணப் போகிறோம். மேற்கு ஓரத்தின் எண்ணிக்கை அப்போது என்னவாகும் என்று ஒவ்வொருவரும் இப்போதே எழுதி, மடித்து, என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.