எல்லா மாற்றமும் இயற்கைத் தேர்வின் விளைவுதானா?

கேள்வி:
சூழலுக்கு ஏற்ற பண்புடைய உயிர்கள் பிழைத்துப் பெருகுவதே பரிணாமம் என்று படித்துவந்தேன். ஆனால் மரபியல் நகர்வு (மரபணு வடிவங்களின் விகிதம் தற்செயலால் மாறுவது), மரபணு ஓட்டம் (ஒரு கூட்டத்தின் மரபணுக்கள் கலப்பால் மற்றொரு கூட்டத்துக்குச் செல்வது) ஆகியவற்றையும் பாடநூல்கள் பரிணாமக் காரணிகளாகவே சொல்கின்றன. எந்த நன்மையும் தராத ஒரு பண்பு வெறும் தற்செயலால் பரவினால், அதையும் பரிணாமம் என்று அழைப்பது முறையா?

மறுமொழி 1:
முறைதான். ஓர் இனக்கூட்டத்தில், அதாவது ஓரிடத்தில் வாழ்ந்து தமக்குள் இனம்பெருக்கும் ஒரே இன உயிர்களிடையே, மரபணு வடிவங்களின் விகிதம் தலைமுறைதோறும் மாறுவதே பரிணாமம்; அம்மாற்றம் நன்மை தருகிறதா என்பது வரையறையில் இல்லை. தேர்வுகூட நாம் நினைப்பதுபோல் ஒரே இலக்கை நோக்கிச் செல்வதில்லை. கலாபகசுத் தீவுகளில் ஒன்றான டாஃப்னி மேஜரில் 1977இல் மழை பொய்த்தபோது சிறு விதைகள் தீர்ந்துபோய், நெருஞ்சி இனத்தின் கடினமான முட்காய்கள் எஞ்சின. அவற்றை உடைக்கவல்ல தடித்த அலகுடைய குருவிகளே அதிகம் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளுக்கும் அலகு தடித்தே இருந்தது. 1983இன் பெருமழைக்குப் பின் சிறு விதைகள் மிகுந்தபோது, சிற்றலகுக் குருவிகளின் கை ஓங்கியது.

மறுமொழி 2:
நகர்வுக்கு வடபசிபிக் யானைச் சீல்களைப் பாருங்கள். எண்ணெய்க்காக வேட்டையாடப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிகச் சிலவே எஞ்சிய அவை, இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆயினும் 1974இல் வெளியான ஆய்வில், புரதங்களுக்கான 24 மரபணு இடங்களில் ஒன்றில்கூட வேறுபாடு காணப்படவில்லை. தொலைந்த வடிவங்கள் தீயவை என்பதால் அழியவில்லை. அவற்றைச் சுமந்த விலங்குகள் கொல்லப்பட்டதால் அழிந்தன. எண்ணிக்கை மீண்டது, வேறுபாடு மீளவில்லை. சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் புதிதாகத் தோன்றும் மாற்றம், அதை ஈடுசெய்ய மிக நீண்ட காலம் ஆகும். எனக்கு மிகவும் வருத்தம் தரும் எடுத்துக்காட்டு இது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் ஒரு மாற்றம் தேர்வால் நேர்ந்ததா, நகர்வால் நேர்ந்ததா என்று எப்படி அறிவது?

மறுமொழி 3:
அதே மாற்றம் தனித்தனி இடங்களில் திரும்பத் திரும்ப நிகழ்கிறதா என்று பார்ப்பது ஒரு நல்ல வழி. கடல்வாழ் ஸ்டிக்கில்பேக் மீனின் விலாவில் எலும்புத் தகடுகள் வரிசையாக இருக்கும். பனியுகம் முடிந்தபின் ஒன்றோடொன்று தொடர்பற்ற பல நன்னீர் ஏரிகளில் குடியேறிய அதன் வழித்தோன்றல்கள் அத்தகடுகளில் பெரும்பாலானவற்றை இழந்துள்ளன. தற்செயல் மட்டுமே காரணமென்றால் ஏரிக்கு ஏரி முடிவு மாறியிருக்கும். தகடு குறைவதற்குக் காரணமான மரபணு வடிவம் கடல்மீன்களிடையே அரிதாக ஏற்கெனவே இருந்தது. ஏரிக்குள் நுழைந்தவற்றோடு அதுவும் சென்று, அங்கே தேர்வால் பெருகியது. இரு வகை மீன்களும் கலக்கும் இடங்களில், மரபணு ஓட்டம் அதே வடிவத்தை மீண்டும் கடலுக்குக் கொண்டுசேர்க்கிறது.