11 கேவி பேனல் எர்த்: வெயிலில் ஓம் ஏறுகிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். 11 கேவி விசிபி (வெற்றிட சர்க்யூட் பிரேக்கர்) பேனல், 500 கேவிஏ டிரான்ஸ்பார்மர். பேனல் பாடிக்கு இரண்டு எர்த் குழி, டிரான்ஸ்பார்மர் நியூட்ரலுக்குத் தனியாக இரண்டு.

நவம்பர் மழையில் பாடி குழி ஒன்றின் எர்த் மின்தடை 2 ஓம் காட்டியது (குறையக் குறைய நல்லது). போன ஞாயிறு ஷட்டவுனில் எர்த் பட்டையைக் கழற்றி அளந்தால் 7. (லைன் ஓடும்போது கழற்றுகிறவர்களும் உண்டு, அதை மட்டும் செய்யாதீர்கள்.) பத்துக் குடம் தண்ணீர் ஊற்றினோம், 4க்கு இறங்கியது; ஒரே வாரத்தில் பழைய கதை. ஆறடிக்குக் கீழே பாறை.

மறுபடி குழியில் உப்பும் கரியும் போட மனசில்லை, உப்பு இரும்பை அரிக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தால் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை போல்ட் பக்கத்தில் அப்பளம் மாதிரி உதிர்கிறது. அதற்குப் பதில் பென்டோனைட் (ஈரம் பிடிக்கும் களிமண்) போட்டவர்கள் இருக்கிறீர்களா, கோடையில் ஈரம் நிற்கிறதா?

அப்புறம், எல்லாக் குழிகளையும் 50x6 மி.மீ. பட்டையால் வளையமாக இணைக்கலாம் என்கிறார்கள். நியூட்ரல் குழியையும் சேர்க்கலாமா? எங்கள் பழைய சூப்பர்வைசர் கூடவே கூடாது என்பார், காரணம் கேட்டால் சொல்லமாட்டார். பேனல் கதவின் பின்னல் செம்புக் கம்பியும் அறுந்திருக்கிறது. என்ன அளவு வாங்கட்டும்?