பழைய டிராக்டரில் தென்னை அறுக்கலாமா?

கேள்வி (பேராவூரணி): கஜா புயலுக்குப் பிறகு காய்ப்பே இல்லாமல் பதினைந்து தென்னை நிற்கின்றன. வெட்டப் போகிறேன். அப்பாவின் 35 குதிரைத்திறன் டிராக்டரில் ஹைட்ராலிக் போய்விட்டது, எஞ்சின் அருமையாக ஓடுகிறது. பிடிஓவில் (எஞ்சின் விசையை வெளிக்கருவிக்குத் தரும் பின்பக்கத் தண்டு) 24 அங்குல வட்ட ரம்பம் பூட்டி, கொட்டகைக்குப் பலகை அறுக்க முடியுமா? வண்டியை விற்க மனசில்லை.

பதில் 1: தாராளமாக முடியும் தம்பி. நான் ஆறு வருடமாக அறுக்கிறேன். பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்றுதான், ரம்பத்துக்கு 1500 வேண்டும். பிடிஓ பக்கம் 14 அங்குல புல்லி, ரம்பத்தண்டில் 5 அங்குலம் போட்டு பெல்ட் மாட்டுங்கள். தென்னைக்கு வைரம், அதாவது கெட்டியான பகுதி, வெளிப்பக்கம்; நடுவில் மெத்தென்ற வெறும் சோறு. சாதாரணப் பல் இரண்டாவது மரத்திலேயே மழுங்கி, புகைந்து, பலகை ஓரம் கறுத்துவிடும். கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) முனை வைத்த ரம்பமே வாங்குங்கள். சோற்றுப் பகுதியைப் பலகையில் சேர்க்காதீர்கள், ஆணி நிற்காது.

பதில் 2: அண்ணன் சொன்னது சரி. அதே வண்டியில் மரத்தை இழுப்பீர்கள் என்றால் சங்கிலியைக் கீழே டிராபாரில் (பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பி) மட்டும் மாட்டுங்கள். மேலே டாப் லிங்க் (கருவியை மேல்பக்கம் பிடிக்கும் கம்பி) இடத்தில் மாட்டி, மரம் வரப்பில் சிக்கினால் முன்சக்கரம் எழும்பி வண்டி பின்னால் கவிழ்ந்துவிடும். எங்கள் ஊரில் ஒருவர் அப்படித்தான் போனார்.

கேட்டவர்: ரொம்ப நன்றி அண்ணே. பெல்ட்டுக்குத் தகரக் கூண்டு அடித்த பிறகுதான் ஓட்டுவேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில் 1: பிடிஓ தண்டுக்கும் மூடி போடுங்கள் தம்பி. வேட்டி கட்டிக்கொண்டு கிட்டேயே போகாதீர்கள்.