கற்பனை உள்நாட்டுப் போர்: அரசுப் படையை எப்படி அமைப்பது?

கேள்வி: வார்கேம் ஒன்றுக்கு, நம் காலத்தில் நடக்கும் கற்பனை உள்நாட்டுப் போரை எழுதுகிறேன். அரசுப் பக்கம் 10 டிவிஷன், தலா 10,000 பேர். நம்பும்படி இருக்கிறதா?

பதில் 1: காகிதத்தில் சரி. களத்துக்கு அனுப்ப முடிவது இரண்டு மூன்றுதான். சிரியாவில் 2011க்குப் பிறகு 4வது கவச டிவிஷனும் குடியரசுக் காவல் படையும்தான் ஊர் ஊராக அலைந்தன. கட்டாயச் சேவை சிப்பாய்கள் ஓடிவிடுவார்களோ என்ற பயத்தில் மற்றவர்களில் பலரை முகாமைவிட்டு விடவில்லை. விசுவாசத்துக்குத் தனி மதிப்பெண் போடுங்கள்.

பதில் 2: ஸ்பெயின் உள்நாட்டுப் போரையும் பாருங்க சார். 1936இல் மாலுமிகள் அதிகாரிகளைக் கவிழ்த்ததால் பெரும்பாலான போர்க்கப்பல்கள் அரசிடம் தங்கின. நடத்தத் தெரிந்தவர்கள்தான் இல்லை. அக்டோபர் 29, மாட்ரிட் அருகே செசேன்யா ஊரில் அரசுப் பக்கத்தின் சோவியத் டி-26 டாங்கிகள் முன்னே பாய, காலாட்படை பின்தங்கியது. பிடித்த ஊரில் நிற்க முடியாமல் டாங்கிகள் திரும்பின. தோட்டா இன்னொரு தலைவலி: ரஷ்ய 7.62 மி.மீ. தோட்டா, ஸ்பானிய 7 மி.மீ. மௌசர் துப்பாக்கியில் போகாது. பட்டாலியனுக்கு (சில நூறு பேர் கொண்ட பிரிவு) ஒரே ரகத் தோட்டா என்று விதி வையுங்கள்.

கேட்டவர்: அப்போ டிவிஷனுக்குப் பதில் அதைவிடச் சின்னப் பிரிவான பிரிகேடா?

பதில் 2: ஆமாம். ஸ்பெயினில் அரசுப் பக்கத்தின் கலப்புப் பிரிகேடில் 4 காலாட் பட்டாலியன், கூடவே சொந்த பீரங்கி, பொறியாளர், மருத்துவப் பிரிவு. ஆனால் பல பிரிகேடுகளுக்குப் பீரங்கி வந்தே சேரவில்லை, பின்னணி வேலையே ஆட்களைத் தின்றது. அந்தக் குறையையும் விளையாட்டில் சேர்த்துவிடுங்கள்.