சாட்சி சொன்ன மணியும் நான் தட்டச்சு செய்த மணியும்

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றி, சாட்சிகள் சொல்வதை எழுத்தாக்கும் வேலை செய்பவர்கள் எண்களிலும் நேரத்திலும் பட்ட பாட்டைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

ஒரு சட்டத்தரணி அலுவலகத்தின் வழியாக வந்த காப்புறுதி வழக்கு. 2003இல் கிளிநொச்சியிலிருந்து மீன் ஏற்றிக் கொழும்புக்கு வந்த லொறி. ஐஸ் உருகி மீன் பழுதாகிவிட்டது. சாரதியின் ஒலிப்பதிவில், "புளியங்குளத்தில் பத்தரை, பழைய நேரம்" என்று இருந்தது. அலுவலகம் தந்த விதித்தாளில் அரை, கால் எல்லாவற்றையும் இலக்கமாக்க வேண்டும் என்றிருந்தது. நானும் "மு.ப. 10.30" என்று அடித்தேன். "பழைய நேரம்" என்பதை வாய்ப்பழக்கமாக ஒட்டிய சொல் என்று நினைத்து விட்டுவிட்டேன். கொழும்பிலேயே வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

1996 மே மாதம் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அந்த ஒக்டோபரில் அரை மணி திருப்பியது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி, கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய கணக்குக்கு வந்தோம். இடைப்பட்ட காலம் முழுவதும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது. புளியங்குளமும் அதற்குள்தான். ஆக, சாரதியின் பத்தரை கொழும்புக்குப் பதினொரு மணி. அடுத்து ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இராணுவம் கொழும்பு நேரப்படி பதிந்தது 11.25. இருபத்தைந்து நிமிடப் பயணம் என் தாளில் ஐம்பத்தைந்து நிமிடமாகியிருந்தது. "மிச்ச அரை மணி நேரம் வெயிலில் எங்கே நிறுத்தினீர்கள்?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்க, அந்த மனிதர் விழித்தாராம். ஒலிப்பதிவை மறுபடி போட்டுக் கேட்ட பிறகுதான் விடயம் வெளியே வந்தது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இப்போது "ஏழரை" என்றால் ஏழரை என்றே எழுதுகிறேன். "ஏழு முப்பது" என்றால் மட்டும் 7.30. சாட்சி சொல்லாத காலை, மாலையை நான் சேர்ப்பதில்லை. பகல் பன்னிரண்டு, இரவு பன்னிரண்டு என்று சொன்னால் அந்தச் சொல்லே நிற்கும்; மு.ப., பி.ப. போட்டால் குழப்பம்தான். வாக்கியம் எண்ணில் தொடங்கினால் எழுத்தில். திகதி, தொகை, வாகன இலக்கம், ஆவணக் குறி ஆகியவை இலக்கத்தில்.

ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தாளர்:

தங்கச்சி, உங்களுக்காவது மறுபடி கேட்க ஒலிப்பதிவு இருந்தது. எங்கள் காலத்தில் காதும் பென்சிலும்தான். சாட்சி தமிழில் "தொண்ணூறாயிரம்" என்பார், முதலியார், அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், சிங்களத்தில் "அனூதாஹ" என்பார், மின்விசிறிச் சத்தத்தில் என் காதில் "அசூதாஹ" விழும். அனூவ தொண்ணூறு, அசூவ எண்பது. நடுவில் ஒரே ஓர் எழுத்து. ஒருமுறை கடன் வழக்கில் பத்தாயிரம் ரூபாய் இப்படிக் காணாமல் போகப் பார்த்தது. துணிந்து எழுந்து நின்றேன். நீதிபதி முகம் சுளித்தாலும், இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொன்னார். அதன்பிறகு சந்தேகமான தொகைக்கெல்லாம் எழுந்து நிற்கும் ஆளென்று எனக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

நொத்தாரிசு அலுவலக எழுதுநர்:

எங்களிடம் காணி. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் "இரண்டரைப் பரப்பு" என்றார்; பரப்பு அங்கத்தைய நில அளவு. எங்கள் தம்பி கெட்டிக்காரன், பரப்புக்குப் பத்துப் பேர்ச் (அதுவும் ஒரு நில அளவு) என்று பெருக்கி, "25 பேர்ச்" என்று அடித்துவிட்டான். கணக்குச் சரி. ஆனால் காணி உறுதிப் பத்திரம் முழுக்கத் தேடியும் 25 என்ற எண்ணே இல்லை! வேறு காணியோ என்று அரை நாள் அலைந்தோம்.

அக்கா, ஒரு சந்தேகம். சாட்சி "மைம்மல் பொழுது", அதாவது மாலை மங்கும் நேரம், என்றால் என்ன செய்வீர்கள்? இங்கே ஒருவர் 6.30 என்று போட்டிருக்கிறார்.

முதலில் எழுதியவள்:

மைம்மல் பொழுது என்றே அடிப்பேன். எத்தனை மணி என்று சட்டத்தரணி கேட்கட்டும். சாட்சி பதில் சொல்லட்டும்.